உளவியல் எப்போது தொடங்கியது? தொடக்க வரலாறும் அதை ஆராயும் மாணவரும்

உளவியல் பட்டப்படிப்பில் சேரும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு பெயரும் ஓர் ஆண்டும் மனப்பாடமாகிவிடும்: வில்ஹெல்ம் வுண்ட், 1879. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அவர் அமைத்த ஆய்வுக்கூடத்தோடு உளவியல் தத்துவத்திலிருந்து பிரிந்து தனி அறிவியலானது என்று பாடநூல் சொல்லும். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அதே செய்தியை ஆய்வேட்டுக்கோ கருத்தரங்கக் கட்டுரைக்கோ எடுத்துக்கொண்டு கொஞ்சம் தோண்டினால்தான் சிக்கல். 1879-ல் லைப்சிக்கில் என்னதான் நடந்தது? அதற்கு முன் நடந்தவை ஏன் கணக்கில் வரவில்லை? அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தவர் யார்? இப்படிக் கேட்கத் தொடங்கியதும், ஒரு வரியில் முடிந்த செய்தி பெரிய விவாதமாக விரிந்துவிடுகிறது.

அந்த விவாதம் இன்று எங்கே நிற்கிறது, ஒரு மாணவர் அதில் எந்த வழியாக நுழையலாம் என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பாடநூலில் உள்ள தொடக்க வரலாறு பெரும்பாலும் உளவியலாளர்கள் தங்கள் துறைக்குத் தாங்களே எழுதிக்கொண்ட வம்சாவளி. எந்த வம்சாவளியையும் போலவே அதிலும் சிலர் முன்னால் நிறுத்தப்படுகிறார்கள், சிலர் விடுபடுகிறார்கள். எனவே 'முதல்' என்று சொல்லப்படும் ஒவ்வொன்றையும் பார்த்து, இந்த முதன்மை யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்பதே ஆய்வின் முதல் படி.

லைப்சிக்கில் நடந்தது

வுண்ட் மருத்துவம் படித்தவர்; ஹைடல்பர்க்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்தவர். 1874-ல் உடலியங்கியல் உளவியல் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு லைப்சிக்கில் தத்துவப் பேராசிரியரானார். வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகளுக்கான கருவிகளை வைக்க, பழைய மாணவர் உணவுக்கூடக் கட்டடத்தில் ஓர் அறை கிடைத்தது. 1879-ன் குளிர்காலப் பருவத்தில் அங்கே மாணவர்கள் பட்டத்துக்கான ஆய்வுகளைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் அதை ஒரு நிறுவனமாக முறைப்படி ஏற்றது 1883-ல்தான். ஆக, 1875, 1879, 1883 என்ற மூன்று ஆண்டுகளில் எதை வேண்டுமானாலும் 'தொடக்கம்' எனலாம். அறை கிடைத்ததா, ஆய்வு நடந்ததா, அங்கீகாரம் வந்ததா என்று நாம் எதைக் கேட்கிறோமோ அதைப் பொறுத்தது விடை.

அங்கே நடந்த முதல் ஆய்வுகளில் மாக்ஸ் ஃப்ரீட்ரிஷ் என்ற மாணவருடையதை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். பார்வைக்கு வரும் ஒன்றை மனம் தெளிவாக உணர எவ்வளவு நேரமாகிறது என்பது அவருடைய கேள்வி. நிறங்கள் காட்டப்பட்டன, ஓரிலக்கம் முதல் ஆறிலக்கம் வரையிலான எண்களும் காட்டப்பட்டன. காண்பவர் தாம் அதை உணர்ந்த கணத்தில் விசையை இயக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரை அளக்கும் ஹிப் கடிகாரம் பதிவுசெய்தது. கவனிக்க வேண்டியது, எதிரே உட்கார்ந்து எண்களைப் பார்த்தவர்கள் யார் என்பதை. பேராசிரியர் வுண்டே அங்கே உட்கார்ந்தார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஸ்டான்லி ஹாலும் சக மாணவரான டிஷரும் உட்கார்ந்தார்கள். மாணவர் சோதனை நடத்த, ஆசிரியர் சோதனைக்கு உட்பட்டார். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள்.

இன்றைய உளவியலில் இதை நினைத்துப் பார்க்க முடியாது. இன்று சோதிப்பவர் ஒருவர், சோதிக்கப்படுபவர் பெயரற்ற பலர். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு கர்ட் டான்சிகர் 1990-ல் ஒரு முக்கியமான நூலை எழுதினார். ஆய்வுக்கு உட்படும் மனிதரை உளவியல் எப்படி வரலாற்றில் உருவாக்கியது என்பதே அதன் பொருள். ஒரே காலத்தில் மூன்று வகை ஏற்பாடுகள் இருந்தன என்று அவர் காட்டினார். லைப்சிக்கில் சோதித்தவரும் சோதிக்கப்பட்டவரும் சமமானவர்கள். பாரிஸ் மருத்துவமனைகளில் மருத்துவர் நோயாளியை மனவசியத்துக்கு உட்படுத்தினார். அங்கே சமத்துவம் கிடையாது. லண்டனில் பிரான்சிஸ் கால்டன் 1884-ல் சுகாதாரக் கண்காட்சி ஒன்றில் அளவைக்கூடம் அமைத்தார். உள்ளே வந்தவர்கள் மூன்று பென்னி கொடுத்துத் தங்கள் பார்வைக் கூர்மையையும் பிடியின் வலுவையும் அளந்துகொண்டு போனார்கள். அங்கே அளக்கப்பட்டவர்கள் 9,337 பேர்.

பின்னாளில் கல்விக்கூடத் தேர்வுகள், நுண்ணறிவுச் சோதனைகள், படை ஆள்சேர்ப்பு, தொழிற்சாலை எல்லாவற்றிலும் வென்றது கால்டனின் வழிதான். வேரைத் தேடினால் பாதி உளவியல் அந்த லண்டன் கண்காட்சியில் போய் நிற்கிறது. ஆனால் பாடநூல் பிறந்த நாளாகக் கொண்டாடுவது லைப்சிக்கை. ஏன்?

ஒரு நூல் செய்த வேலை

1879-க்கு முன்பே மனத்தை அளக்கும் முயற்சிகள் ஏராளம். கிரீனிச் வானாய்வகத்தில் விண்மீன் கடக்கும் நேரத்தைக் குறிப்பதில் தலைவர் மாஸ்கலினுக்கும் உதவியாளர் கின்னிபுரூக்குக்கும் ஏறத்தாழ முக்கால் வினாடி வேறுபட்டது. 1796-ல் உதவியாளருக்கு வேலை போயிற்று. கால் நூற்றாண்டு கழித்து பெசல் என்ற வானியலாளர் அதை எடுத்துப் பார்த்து, இது கவனக்குறைவால் வந்ததன்று, ஆளுக்கு ஆள் இயல்பாகவே உள்ள வேறுபாடு என்று கண்டார். நரம்பில் உணர்வு பாயும் வேகத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் அளந்தார். அது ஒலியின் வேகத்தைவிட மிகக் குறைவு என்று தெரிந்தபோது அறிவுலகம் திகைத்தது. அதே லைப்சிக்கில் வேபர் தொடுவுணர்வையும் எடையுணர்வையும் ஆராய்ந்திருந்தார். ஃபெக்னர் 1860-ல் தூண்டலுக்கும் உணர்வுக்கும் உள்ள கணித உறவை நூலாகவே எழுதிவிட்டார். எளிய எதிர்வினை நேரத்தைச் சிக்கலான எதிர்வினை நேரத்திலிருந்து கழித்தால் மனச்செயலின் நேரம் மிஞ்சும் என்று நெதர்லாந்தின் டோண்டர்ஸ் 1868-ல் காட்டியிருந்தார். ஃப்ரீட்ரிஷின் சோதனை இந்தக் கணக்கின் வாரிசுதான்.

வுண்ட் புதிதாகச் சேர்த்தது அமைப்பை. மாணவர், பட்டம், ஆய்விதழ், வேலைவாய்ப்பு என்று ஒரு துறைக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் கிடைத்தன. அவர் நெறிப்படுத்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள் 186. அங்கே படித்துத் திரும்பியவர்கள் தத்தம் நாட்டில் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். அமைத்ததும் யார் முதலில் அமைத்தது என்று சண்டையும் பிடித்தார்கள். ஸ்டான்லி ஹால் தாம் நடத்திய ஆய்விதழில் 1895-ல், அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் தம்மிடமிருந்தே கிளைத்தவை என்ற தொனியில் எழுதினார். வில்லியம் ஜேம்ஸ் உள்ளிட்டோர் 'சயன்ஸ்' இதழில் மறுப்புக் கடிதம் எழுதினார்கள். ஹார்வர்டில் 1875-லேயே ஜேம்ஸிடம் கற்பித்தலுக்கான சோதனை அறை இருந்தது. தொடக்கம் பற்றிய சர்ச்சை, தொடங்கியவர்கள் உயிரோடு இருக்கும்போதே தொடங்கிவிட்டது.

அந்தச் சர்ச்சைக்கு முற்றுப்புள்ளி வைத்தது எட்வின் போரிங் 1929-ல் வெளியிட்டு 1950-ல் திருத்திய, சோதனை உளவியலின் வரலாறு பற்றிய நூல். இரண்டு தலைமுறை அமெரிக்க மாணவர்கள் அதைப் படித்தே உளவியலாளர் ஆனார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. வுண்ட் வாழ்நாளில் எழுதியவை 53,735 பக்கங்கள் என்று எண்ணிச் சொன்ன மனிதர் அவர். ஆனால் போரிங் யாருடைய மாணவர் என்று பார்க்க வேண்டும். அவருடைய ஆசிரியர் எட்வர்டு டிட்ச்னர். லைப்சிக்கில் பட்டம் பெற்று 1892-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆங்கிலேயர். உணர்வனுபவத்தை அதன் கூறுகளாகப் பிரித்துக்காட்டுவதே உளவியலின் பணி என்று நம்பியவர். போரிங்கின் நூல் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

ஜெர்மன் தெரியாத மாணவர்களுக்கு வுண்ட் கிடைத்தது பெரும்பாலும் டிட்ச்னர் வழியாக. அதனால் வுண்டும் டிட்ச்னரைப் போலவே அகநோக்கை நம்பி மனத்தைத் துண்டுபோட்டவர் என்ற படிமம் நிலைத்துவிட்டது. 1975-ல் ஆர்தர் புளுமென்தால் வுண்டை மூலமொழியில் மறுபடி படித்து, இந்தப் படிமம் பெரிதும் தவறு என்று ஒரு கட்டுரையில் காட்டினார். டான்சிகரும் அதே திசையில் எழுதினார். வுண்ட் தம் கொள்கையின் மையத்தில் வைத்தது விருப்புறுதியையும் கவனத்தையும். தன்னைத் தானே உற்றுப்பார்க்கும் தளர்வான அகநோக்கை அவர் ஏற்கவில்லை. மொழி, தொன்மம், வழக்கம் போன்ற உயர்நிலை மனச்செயல்களைச் சோதனைக்கூடத்தில் ஆராய முடியாது என்று கருதியே அவர் கடைசி இருபது ஆண்டுகளில் மக்கள் உளவியல் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார். சோதனை உளவியலின் தந்தை எனப்படுபவர், சோதனைக்கு எல்லை உண்டு என்றும் வாதிட்டவர். பாடநூல் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

போரிங் ஏன் அப்படி எழுதினார் என்பதற்கும் விடை தேடியிருக்கிறார்கள். 1920-களில் அமெரிக்க உளவியல் பள்ளி, தொழிற்சாலை, விளம்பரம் என்று பயன்பாட்டுப் பக்கம் வேகமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. தூய சோதனை ஆய்வே துறையின் உயிர் என்று நிறுவ வேண்டிய நெருக்கடி போரிங்குக்கு இருந்தது; அதற்கு வரலாறு ஆயுதமானது என்று ஜான் ஓ'டோனல் 1979-ல் வாதிட்டார். அமெரிக்க உளவியல் உலகம் துறையின் நூற்றாண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே ஆண்டில் இந்தக் கட்டுரை வந்தது.

கைமாறிக் கைமாறி வளர்ந்த கதைகள்

பெரிய வரலாற்றைக் கேள்வி கேட்பது மாணவருக்கு மலைப்பாக இருக்கலாம். அதே பாடத்தைச் சிறிய அளவில் கற்றுத்தர இரண்டு கதைகள் உண்டு.

முதலாவது ஃபினியஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்குப் பாறை உடைக்கும் இடத்தில் 25 வயதான இந்த மேஸ்திரி, துளைக்குள் வெடிமருந்தைக் கெட்டித்துக்கொண்டிருந்தார். மருந்து வெடித்தது. மூன்றரை அடிக்குச் சற்று அதிக நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட இரும்புத் தடி இடது கன்னத்தில் புகுந்து மண்டையின் மேற்புறம் வழியே பறந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். மூளையின் முன்பகுதி சிதைந்ததால் பொறுப்பான மனிதர் பொறுக்கியானார், ஊர் ஊராகத் திரிந்து அழிந்தார் என்று பாடநூல்கள் எழுதின.

மால்கம் மக்மில்லன் என்ற ஆஸ்திரேலியர் இதன் மூலங்களையெல்லாம் தேடித் தொகுத்து 2000-ல் நூலாக்கினார். சிகிச்சை அளித்த டாக்டர் ஹார்லோ எழுதியவை இரண்டே கட்டுரைகள். ஒன்று 1848-ல், மற்றொன்று 1868-ல். குணமாற்றம் பற்றி இரண்டாவதில் இருப்பது சில நூறு சொற்கள்தான். இடையில் கேஜை நேரில் ஆராய்ந்த ஹார்வர்டு அறுவை மருத்துவர் பிகலோ, அவர் உடலாலும் மனத்தாலும் நன்றாகவே தேறிவிட்டதாக 1850-ல் எழுதியிருந்தார். பின்னர் கேஜ் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். மலைப்பாதையில் பல குதிரைகள் பூட்டிய வண்டியை நேரம் தவறாமல் ஓட்டும் வேலை பொறுப்பற்றவரால் ஆகிற காரியமா என்பது மக்மில்லனின் கேள்வி. விபத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளுக்குப் பொருந்திய விவரிப்பை வாழ்நாள் முழுவதற்கும் நீட்டிவிட்டார்கள் என்பது அவர் முடிவு.

மூலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதும் இதே கதையில் உண்டு. கேஜ் 1861-ல் இறந்ததாக ஹார்லோ எழுதியிருக்கிறார். சான்பிரான்சிஸ்கோவின் ஈமச்சடங்குப் பதிவுகளோ 1860 மே மாதம் என்கின்றன. நேரில் கண்ட மருத்துவர் தவறினார், கணக்கெழுதியவர் சரியாக இருந்தார். 2009-ல் இன்னொரு சான்று சேர்ந்தது. ஒரு தம்பதி தங்களிடமிருந்த பழைய ஒளிப்படத்தில் இருப்பவர் திமிங்கில வேட்டைக்காரர் என்று நினைத்திருந்தார்கள். இணையத்தில் படத்தைப் பார்த்தவர்கள் அவர் கையில் இருப்பது ஈட்டி அன்று என்றார்கள். தடியின் மேலிருந்த எழுத்துகளை அருங்காட்சியகத்தில் உள்ள தடியோடு ஒப்பிட்டபோது அவர் கேஜ் என்று உறுதியாயிற்று. ஒரு கண் மூடியிருக்க, நேர்த்தியான உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதர் அதில் தெரிகிறார். பாடநூல் கதைக்கும் அந்தப் படத்துக்கும் ஒட்டவே இல்லை.

இரண்டாவது கதை 'குட்டி ஆல்பர்ட்'. நடத்தைவாதத்தை முன்வைத்த ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் 1920-ல் வெளியிட்ட கட்டுரை மொத்தம் 14 பக்கம். பதினொரு மாதக் குழந்தை வெள்ளெலியைத் தொடப்போகும்போது பின்னாலிருந்து இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தார்கள். முதல் நாள் இருமுறை, ஒரு வாரம் கழித்து ஐந்து முறை. எலியைக் கண்டாலே குழந்தை அழத் தொடங்கியது. பயம் முயல், நாய், ரோமக் கோட்டு என்று பரவியதாக அவர்கள் எழுதினார்கள்.

1979-ல் பென் ஹாரிஸ் மூலக் கட்டுரையைப் பாடநூல்களோடு ஒப்பிட்டார். குழந்தையின் வயது, பயந்த பொருள்கள் எனப் பலவும் நூலுக்கு நூல் மாறியிருந்தன. பயத்தைப் போக்கிக் குழந்தையைக் குணமாக்கியதாகக்கூடச் சில நூல்கள் எழுதியிருந்தன. மூலத்தில் அப்படி எதுவுமே இல்லை. அதற்குள் குழந்தை, தான் இருந்த மருத்துவமனையிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுவிட்டது. இன்னொன்றும் மூலத்தைப் படித்தால்தான் தெரியும். இடையில் பயத்தைப் 'புதுப்பிக்க' வேண்டி முயலையும் நாயையும் காட்டும்போதும் தண்டை அடித்திருக்கிறார்கள். அப்படியானால் பயம் தானாகப் பரவியது என்ற முடிவு எவ்வளவு உறுதியானது? விரல் சூப்பவிட்டால் குழந்தை பயப்படவில்லை என்ற குறிப்பும் அங்கேயே இருக்கிறது. 14 பக்கத்தைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும். அரை நூற்றாண்டாகப் பாடநூல் எழுதிய பலர் அந்த ஒரு மாலையைச் செலவிடவில்லை.

வம்சாவளியில் விடுபட்டவர்கள்

பழைய வரலாறுகளைப் படித்தால் பெண்களே இத்துறையில் இருக்கவில்லை என்று தோன்றும். மேரி விட்டன் கால்கின்ஸ் ஹார்வர்டில் ஜேம்ஸிடமும் முன்ஸ்டர்பெர்க்கிடமும் பயின்று முனைவர் பட்டத்துக்கான எல்லாத் தகுதிகளையும் முடித்தார். பெண் என்பதால் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. 1905-ல் அவர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். பட்டம் கடைசி வரை வரவில்லை. நிறப்பார்வை ஆராய்ச்சியாளர் கிறிஸ்டின் லாட்-ஃபிராங்க்ளின் 1882-ல் முடித்த படிப்புக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1926-ல்தான் பட்டம் கொடுத்தது. டிட்ச்னரிடமே 1894-ல் பட்டம் பெற்ற மார்கரெட் வாஷ்பர்ன் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். ஆனால் அதே டிட்ச்னர் 1904-ல் தொடங்கிய சோதனையாளர் குழுவில் பெண்களுக்கு அனுமதி இல்லை. முதல் தலைமுறைப் பெண் உளவியலாளர்களின் வாழ்க்கையைக் கடிதங்களிலிருந்தும் கல்லூரிப் பதிவுகளிலிருந்தும் மீட்டெடுத்து ஸ்கார்பரோவும் ஃபுருமோட்டோவும் 1987-ல் நூலாக வெளியிட்டார்கள். திறமையை மட்டும் பார்த்தால் இந்த வரலாறு பிடிபடாது. யாருக்கு வேலை கிடைத்தது, திருமணமானதும் யார் வேலையை விட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அந்த நூல் உணர்த்தியது.

அடுத்த விடுபடல் நமக்கு மிக அருகில் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் சோதனை உளவியலைக் கற்பித்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1898-ல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக்குழுவில் பார்வைச் சோதனைகள் நடத்தினார். 1901-02-ல் அவர் வந்தது நீலகிரிக்கு. தோடர்களைப் பற்றி 1906-ல் அவர் வெளியிட்ட பெருநூலை மானிடவியல் மாணவர்கள் அறிவார்கள். அவர் அங்கே நிறவுணர்வு, காட்சி மயக்கம் போன்றவற்றை அளந்து, முடிவுகளை 1905-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி'யில் வெளியிட்டதை உளவியல் மாணவர்களே அதிகம் அறியார்கள். மேற்குத் தமிழக மலைகளின் ஊராளி, சோளகர் மக்களின் பார்வை பற்றிய அவருடைய குறிப்பு 1903-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் வந்தது.

முனைகளில் அம்புக்குறி போட்ட இரு சம நீளக் கோடுகளில் ஒன்று நீளமாகத் தோன்றும் முல்லர்-லையர் மயக்கத்துக்குத் தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஆட்பட்டார்கள். நெட்டுக்கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தெரியும் மயக்கத்துக்கு அதிகமாக ஆட்பட்டார்கள். 'நாகரிகமற்றவர்' எல்லா மயக்கத்துக்கும் எளிதில் இரையாவார் என்ற அன்றைய எண்ணத்துக்கு இது முட்டுக்கட்டை. பண்பாட்டுக்கும் பார்வைக்கும் உள்ள உறவை 1960-களில் பெரிய அளவில் ஆராய்ந்தவர்கள் ரிவர்ஸின் இந்த அளவுகளிலிருந்தே தொடங்கினார்கள். லைப்சிக்கின் அறையில் பேராசிரியரும் மாணவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். நீலகிரியில் அப்படி இடம் மாற வழியில்லை. அளந்தவர் ஆளும் நாட்டின் அறிஞர். டான்சிகர் சொன்ன மூன்று ஏற்பாடுகளோடு நான்காவதாகக் குடியேற்ற நாட்டுக் களத்தையும் வைத்து ஆராய இங்கே நல்ல இடமிருக்கிறது.

இந்தியாவில் உளவியல் கல்வித்துறையாக வேர்விட்டது கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில், 1916-ல். பொறுப்பேற்ற நரேந்திரநாத் சென் குப்தா ஹார்வர்டில் முன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர். முன்ஸ்டர்பெர்க் வுண்டின் மாணவர். அதே கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-ல் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கி, ஃபிராய்டோடு கடிதத்தில் கருத்து வேறுபடவும் செய்தார். மைசூரில் 1924-ல் துறை தொடங்கியது. அதை வளர்த்த எம். வி. கோபாலசாமி லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் தலைமையில் 1943-ல் துறை உருவானது. மேற்கிலிருந்து வந்த கருவிகளும் பாடத்திட்டமும் இங்கே எப்படி மாறின, எவை மாறவில்லை என்பதை எழுத இன்னும் ஆட்கள் தேவை.

பழமை என்ற கவர்ச்சி

தமிழ் மாணவர் இந்த இடத்தில் ஒரு கவர்ச்சியை எதிர்கொள்வார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளை வகுத்திருக்கிறது. யோக நூல்கள் மனத்தின் அலைவுகளைப் பேசுகின்றன. அப்படியானால் உளவியல் நம்மிடம் எப்போதோ தொடங்கிவிட்டதே என்று எழுதிவிடத் தோன்றும். கிரேக்கர்களை வைத்து மேற்கத்திய நூல்கள் காலங்காலமாகச் செய்துவந்ததும் இதைத்தான்.

இதற்கு டான்சிகரின் இன்னோர் அனுபவம் நல்ல மருந்து. 1950-களில் அவர் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் கற்பிக்கப் போனார். அங்கே உள்நாட்டு மரபின்படி மனத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் சக ஆசிரியர் ஒருவர் இருந்தார். இருவரும் சேர்ந்து கருத்தரங்கு நடத்தலாம் என்று ஆர்வத்தோடு உட்கார்ந்தார்கள். பொதுவான தலைப்பு ஒன்றுகூட அமையவில்லை. ஊக்கம், கற்றல், ஆளுமை என்று மேற்கு பிரித்துவைத்த அறைகள் அந்த மரபில் இல்லை. மனம் எங்கும் ஒன்றே, அதைப் பற்றிய அறிவும் ஒரே அறைகளாகத்தான் பிரியும் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. மெய்ப்பாட்டியலை உளவியல் நூலாக்கினால் அது செய்யுளையும் நாடகத்தையும் நோக்கி எழுந்த நூல் என்பது மறைந்துவிடும். அன்றைய புலவர்கள் எதற்காக அந்த வகைப்பாட்டைச் செய்தார்கள் என்று கேட்டால் அதன் பெருமை கூடுமே தவிரக் குறையாது.

மாணவர் தொடங்க வேண்டிய இடம்

உளவியல் வரலாறு இன்று தனித் துறை. இதற்கான ஆய்விதழ் 1965-ல் தொடங்கியது. அதே ஆண்டில் ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க உளவியலுக்கான ஆவணக் காப்பகமும் உருவானது. பல மூலக் கட்டுரைகளைக் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்து கிறிஸ்டோபர் கிரீன் இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறார். பதிப்புரிமை தீர்ந்த பழைய நூல்கள் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. லைப்சிக் நிறுவனம் 1943 டிசம்பரில் குண்டுவீச்சில் அழிந்தது. ஆனால் வுண்டின் சொந்த நூலகத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்ததால் தப்பியது. சான்றுகள் எதிர்பாராத ஊர்களில் இருக்கும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

தலைப்பைச் சிறிதாக வைப்பது முதல் விதி. 'நடத்தைவாதத்தின் வரலாறு' என்று எடுத்தால் மூன்று பாடநூல்களைச் சுருக்கி எழுதுவதில் முடியும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் பயன்படும் பாடநூல்கள் 'குட்டி ஆல்பர்ட்' சோதனையை எப்படி விவரிக்கின்றன என்று எடுத்தால், மூலத்தின் 14 பக்கத்தை ஒரு கையிலும் பாடநூல்களை மறு கையிலும் வைத்துச் சொந்தமாக ஒன்று சொல்ல முடியும். ரிவர்ஸின் நீலகிரி அளவுகள், தம் பல்கலைக்கழகத் துறையின் பழைய பாடத்திட்டங்கள், வாங்கிய கருவிகளின் பதிவேடு என்று கைக்கெட்டும் தலைப்புகள் பல உண்டு.

அடுத்தது, மேற்கோளின் வழித்தடத்தைப் பின்தொடர்வது. ஒரு நூல் காட்டும் சான்றைத் தேடி, அது காட்டும் முந்தைய சான்றைத் தேடிப் பின்னோக்கிப் போனால், எந்தக் கையில் கதை மாறியது என்று தெரிந்துவிடும். வெளியிட்ட கட்டுரையோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. 'அன்னா ஓ.' என்ற நோயாளி குணமானதாக அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் பிராயர் எழுதிவைத்தார். அந்தச் சிகிச்சைக்குப் பின்னும் அவர் சுவிட்சர்லாந்தில் ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர்க்கப்பட்டிருந்தார் என்பது, எல்லன்பெர்கர் என்ற ஆய்வாளர் பழைய மருத்துவக் குறிப்பைத் தேடி எடுத்த பிறகே தெரிந்தது. வுண்டின் அமெரிக்க மாணவர் கேட்டல் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை மைக்கேல் சோகல் 1981-ல் பதிப்பித்தார். ஆய்விதழில் வராத லைப்சிக் அன்றாடம் அவற்றில் கிடைக்கிறது.

மூன்றாவது எச்சரிக்கை, கட்டுடைப்பின் மயக்கம். பழைய கதை பொய் என்று சொல்லும் புதிய கதையும் கதைதான். 2009-ல் ஆய்வாளர் குழு ஒன்று ஆல்பர்ட் யாரென்று கண்டுபிடித்ததாக அறிவித்தது. மூளை நோயால் ஆறு வயதிலேயே இறந்த குழந்தை அது என்றது. நோயுற்ற குழந்தையை வைத்து வாட்சன் சோதித்தாரா என்ற அதிர்ச்சியோடு அது பாடநூல்களுக்குள் புகுந்தது. 2014-ல் வேறொரு குழு, எடை, வயது, பெயர் ஆகியவை இன்னும் நன்றாகப் பொருந்தும் வேறொரு குழந்தையைக் காட்டியது. அவர் முதுமை வரை வாழ்ந்தவர். மக்மில்லனும் ஹாரிஸும் கற்றுத்தந்த சந்தேகத்தை அவர்களுக்குப் பின் வந்தவர்கள் மீதும், ஏன், அவர்கள் மீதுமே செலுத்த வேண்டியிருக்கிறது.

அப்படியானால் 1879 தவறா? தவறில்லை. பட்டம் வாங்கும் மாணவர்களோடு தொடர்ந்து நடந்த சோதனைக்கூடம் எப்போது வந்தது என்று கேட்டால் அதுவே நியாயமான விடை. பெருந்திரளை அளப்பது எப்போது தொடங்கியது என்றால் 1884. மனச்செயலுக்கு நேரக்கணக்கு எப்போது வந்தது என்றால் 1868. இந்தியப் பல்கலைக்கழகத்தில் எப்போது என்றால் 1916. கேள்வியை மறைத்துவிட்டு விடையை மட்டும் மனப்பாடம் செய்ததுதான் கோளாறு. ஆய்வேடு எழுதும் மாணவர் 'உளவியலின் தொடக்கம்' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும், எந்த உளவியல், யாருடைய கணக்கில் என்று கூடவே எழுதட்டும். அந்த இரண்டு சொற்றொடர்களைச் சான்றோடு நிரப்ப முடிந்தவர் பாடநூலைக் கடந்து வரலாற்று ஆய்வுக்குள் வந்துவிட்டார்.